நாற்பத்தொரு 'பிறகு'

நான் ஒரு முந்திரிக்கொட்டை. என் முன்னாள் கணவர் இதைக் கண்டுபிடித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. எதிரில் இருப்பவர் ஒரு பேச்சைப் பாதி தாண்டுவதற்குள் மீதியை நானே முடித்துவிடுவேன். இல்லையென்றால் 'அது பிறகு' என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். குற்றவியல் வழக்கறிஞருக்கு இந்தக் குணம் சோறு போடும். என்னுடைய இன்னொரு வேலைக்கு இது விஷம் என்பது அறுபதை நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் கனடாவில் இரண்டு அமைச்சர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், குடியுரிமை இல்லாத ஒருவரை நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சொல்லி அடைத்து வைக்கலாம், நாடு கடத்தவும் செய்யலாம். அந்தத் தாளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று பெயர். ஆதாரத்தை அவருக்கும் காட்ட மாட்டார்கள், அவருடைய வழக்கறிஞருக்கும் காட்ட மாட்டார்கள். ஆனால் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு அவர் பக்கம் நின்று வாதாட வேண்டுமே? அதற்காக அரசாங்கம் சல்லடை போட்டுச் சலித்தெடுத்த சில வழக்கறிஞர்கள் இருக்கிறோம். எங்களைச் சிறப்பு வழக்கறிஞர்கள் என்பார்கள்.

விதி எளிமையானது. கோப்பைத் திறப்பதற்கு முன் அந்த மனிதரோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். திறந்த நிமிடத்திலிருந்து நீதிபதியின் அனுமதி இல்லாமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் எனக்குக் கடிதம் எழுதலாம். நான் பதில் எழுத முடியாது. வழக்கு முடிந்த பிறகும் இந்தப் பூட்டு திறக்காது, சாகும்வரை உண்டு. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: கதவு சாத்துவதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது எந்தக் கேள்வி முக்கியம் என்றும் தெரியாது. ஆகவே உப்புச்சப்பில்லாததைக்கூட விடக் கூடாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்களும் ஊர்களும் தேதிகளும் மாற்றப்பட்டவை. இந்த வயதில் சிறைக்குப் போக எனக்கு ஆசை இல்லை.

பெஹ்ரூஸ் தஜிகிஸ்தானின் குஜந்த் ஊர்க்காரர். ஒட்டாவாவில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது பிடித்தார்கள். ஐந்து மாதம் உள்ளே வைத்துவிட்டு, கணுக்காலில் நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பட்டையைக் கட்டி வீட்டில் உட்கார வைத்தார்கள். மனைவி சித்தோராவும் மகள் பர்வீனாவும் குஜந்தில். அவர் ஊரைவிட்டு ஓடி வந்தபோது சித்தோரா ஐந்து மாதக் கர்ப்பம். மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு தடவைகூட அவர் அவளைத் தூக்கியதில்லை. சான்றிதழ் நிலைத்தால் அவரை ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே அவருக்காக ஒரு சிறையறை காத்திருந்தது. சான்றிதழ் விழுந்தால் அந்த இருவரும் இங்கே வந்துவிடலாம். நடுவில் எதுவும் கிடையாது.

நாங்கள் ஆறு வாரம் பேசினோம். ஒட்டாவாவில் வானியர் என்ற பேட்டையில், அவருடைய அடுக்குமாடி வீட்டில், சமையலறை மேஜையில். மேஜை முழுக்க உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் வால்நட்டும் இருக்கும். பச்சைத் தேநீரைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார். நிறைய ஊற்றினால் சீக்கிரம் எழுந்து போங்கள் என்று அர்த்தமாம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல அவருக்கு வராது. வங்கியில் யாருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்று கேட்டால், அந்த வங்கி வாசலில் ஒரு நாய் இருந்ததிலிருந்து தொடங்குவார். நான் கையைக் காட்டுவேன். அவர் உடனே நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

"நீங்க பாஸ்தா வேகுறதுக்கு முன்னாடியே வடிகட்டற ஆளு, ஒடீல் அக்கா" என்றார் ஒரு நாள்.

"நீங்க தண்ணி கொதிக்கறதுக்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கறீங்க."

"அந்த ஒரு மணி நேரத்துலதான் விருந்தாளிங்க பேசிக்குவாங்க. இல்லன்னா வீடு எதுக்கு?"

ஆறு வாரத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வழக்கறிஞர்கள் இதைச் சொல்லக் கூடாது, சொல்கிறேன். என் பட்டியலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளையும் கேட்டு முடித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவரிடம் விடைபெற்றேன். புதன்கிழமை காலை, கைப்பேசியை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் போய்க் கோப்பைத் திறந்தேன்.

கோப்பில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. மதிய உணவுக்குள் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவர் என்னிடம் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தார், நான் அதை நிறுத்தியிருந்தேன், எனக்கு இப்போது அதன் மீதி வேண்டும். எந்தக் கதை என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி. அவருடைய சமையலறைக்கு அந்த அறையிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம். நிலாவுக்குப் போய்க் கேட்டுவிட்டு வரலாம், அங்கே போக முடியாது.

நீதிபதி ப்ரூனெலிடம் அனுமதி கேட்டேன். அரசு வழக்கறிஞர் அலாஸ்டர் கெர் எழுந்தார். நல்ல மனிதர், நெடுநெடுவென்று இருப்பார், யாரையும் புண்படுத்த மாட்டார், ஒரு அங்குலமும் விட மாட்டார். நான் கேட்க நினைக்கும் கேள்வியே சாவித் துவாரம் என்றார். அதன் வழியாகப் பார்த்தால் அரசு எதைக் கவனித்தது, எப்போது கவனித்தது என்று வெளியே தெரிந்துவிடும். அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அனுமதி கிடைக்கவில்லை.

அந்த மாதம் இதே முறையை வேறு வழக்குகளுக்கும் விரிவுபடுத்தலாமா என்று நாடாளுமன்றத்தில் விவாதம். தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் யாராவது வந்து பாதுகாப்பு ஒரு தட்டு, சுதந்திரம் ஒரு தட்டு என்று தராசைப் பிடித்தார்கள். அமைச்சருக்கு எவ்வளவு அதிகாரம், நீதிபதிக்கு எவ்வளவு என்று அரை அங்குலத்துக்குச் சண்டை. என்னையும் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் போய் மூன்று விஷயங்கள் பேசினேன், கைதட்டினார்கள். எனக்கு அப்போது நாட்டைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்து 'சொல்லுங்க, குறுக்கே பேச மாட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் இருந்தது. முப்பது வருடத் தொழிலில் எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

திங்கள்தோறும் அவருடைய வழக்கறிஞர் வழியாகக் கடிதம் வரும். தபால் பையன் வருவதற்கு முன்பே வாசலில் நிற்பேன். பர்வீனாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். திரையில் அவர் முகம் வந்தால் அவள் விரலால் அவர் மூக்கைப் பெரிதாக்கிப் பார்ப்பாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் 'எனக்கு ஃபோன் அப்பா இருக்காரு' என்று சொல்லிக்கொள்கிறாளாம். ஆறு பக்கம், ஏழு பக்கம். எனக்கு வேண்டியதைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாமும் அதில் இருக்கும். அதை ஏன் எழுதவில்லை? நான்தானே பிறகு என்றேன். பெரியவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை மறுபடி தட்டில் வைப்பது அவர்கள் ஊரில் மரியாதை இல்லை.

ஒரு சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் பக்கம் திரும்பினேன், எதிரில் பெஹ்ரூஸ். வாரத்துக்கு நான்கு மணி நேரம், வீட்டுச் சொந்தக்காரரின் மேற்பார்வையில் வெளியே வர அவருக்கு அனுமதி உண்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார். வணக்கம் சொல்வதற்குக்கூட விதி தடையா என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் நானும் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் பயம்தான் வந்தது. வாயைத் திறந்தால் கேள்வி வெளியே விழுந்துவிடும் என்று பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டு உறைந்த பட்டாணிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த திங்களன்று கடிதம் அரைப் பக்கம். உடம்பு சுகமா, குளிர் அதிகம். அதற்கடுத்த திங்கள் நான்கு வரி. மூன்றாவது திங்கள் இரண்டே வரி: 'நீங்கள் படித்ததை நான் படிக்கவில்லை. அதைப் படித்த பிறகு உங்களாலேயே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் நான் யாரிடம் போவேன்?' அவருடைய வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். தன் கட்சிக்காரர் எதிர்த்து வாதாடுவதைக் கைவிட்டு, தானாகவே ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்கிறார், பதினான்கு நாளில் முடிவு சொல்வோம்.

அன்று என் குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோப்பைத் திறப்பதற்கு முன் எழுதியது, ஆகவே ரகசிய அறைக்குள் போகாமல் என்னிடமே இருந்தது. கேள்வி, பதில், கேள்வி, பதில். ஓரத்தில் அங்கங்கே அவர் தொடங்கிய கதையின் முதல் வரியும், பக்கத்தில் என் கையெழுத்தில் 'பிறகு' என்றும் இருந்தது. வங்கி வாசல் நாய், பிறகு. கன்னியர் மடத்து ஃப்ரீசர், பிறகு. எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒரு மனிதரை ஆறு வாரத்தில் நாற்பத்தொரு தடவை வாயடைத்திருக்கிறேன். விவாகரத்தின்போது என் கணவர் சொன்னதெல்லாம் குறைவுதான் என்று தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நாற்பத்தொன்றையும் கேட்டால், எதைக் கேட்டேன் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் மூடிய விசாரணையில் குறிப்பேட்டை நீதிபதி முன் வைத்தேன். என்னுடைய கெட்ட குணத்தை நானே சாட்சிக் கூண்டில் ஏற்றினேன் என்று சொல்லலாம். ப்ரூனெல் அம்மையார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முப்பதைத் தாண்டும்போது அவர் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு குறிப்பேட்டைக் கெர்ரிடம் நீட்டினார்.

"இதுல எது இவங்களுக்கு வேணும்னு வெளியாள் யாராவது கண்டுபிடிக்க முடியுமா, மிஸ்டர் கெர்?"

கெர் நிதானமாகப் படித்தார். அவருக்குத் தெரியும். கோப்பை என்னைவிட நன்றாக அறிந்தவர். ஒரு பக்கத்தில் அவர் கண் நின்றது, என்னைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார்.

"முடியாது, மை லேடி" என்றார். "வெளியாளால முடியாது."

அனுப்ப வேண்டிய வாசகத்தை அங்கேயே எழுதினோம். 'நான் குறுக்கிட்டு நிறுத்திய கதைகள் நாற்பத்தொன்று. பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. எல்லாவற்றையும் முடித்து எழுதுங்கள்.' கடைசியில் 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று சேர்த்திருந்தேன். அதற்குக் கெர் எழுந்தார். மன்னிப்புக் கேட்டால், கோப்பில் அவருக்குச் சாதகமாக ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இருபது நிமிடம் வாதாடினேன். நீதிபதி அதை அடித்துவிட்டார்.

அந்தப் பதினான்கு நாளில் பதினோராவது நாள் முதல் உறை வந்தது. கனமான உறை. நாயில் தொடங்கி வரிசையாக எழுதியிருந்தார். ஒரு வரியில்கூடக் கோபமோ கேள்வியோ இல்லை, ஊருக்குப் போகும் பேச்சும் இல்லை. எனக்கு வேண்டியதை மட்டும் தேடிப் பிடித்துப் படிக்கலாம் என்று கை பரபரத்தது. இந்த ஒரு தடவை கையைக் கட்டிப்போட்டேன். முதலாவதிலிருந்து, ஒரு சொல்லும் தாண்டாமல் படித்தேன்.

எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன். அதில் எனக்கு வேண்டியது இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களாக யூகித்தாலும் தலையாட்ட மாட்டேன்.

ஆறாவது கதை. கன்னியர் மடத்தில் ஃப்ரீசர் கெட்டுவிட்டது என்று கூப்பிட்டார்கள். திறந்தால் அடியில் பன்னிரண்டு வருடத்துப் பிறந்தநாள் கேக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. தலைமைக் கன்னிகை இறந்துபோன தோழிகளுக்காக எடுத்துவைத்ததாம். பெஹ்ரூஸ் ராத்திரி முழுக்க அங்கேயே இருந்து, ஒரு துண்டும் உருகாமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இருபத்தொன்பதாவது கதை. நான்கு வருடம் முன்பு ஒரு ஜனவரியில் சித்தோராவுக்கும் குழந்தைக்கும் பார்வையாளர் விசா கிடைத்தது. மொன்றியால் விமான நிலையத்துக்கு அவர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனார். கையில் இரண்டு வயதுப் பிள்ளைக்கான பனி உடுப்பு ஒன்று, வெளியே வந்ததும் குளிரக் கூடாது என்று. விமானம் வந்தது, அவர்கள் வரவில்லை. இஸ்தான்புல்லில் இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. சித்தோராவின் ஃபோன் அணைந்திருந்தது. அடுத்த விமானத்தில் வருவார்கள் என்று நின்றார். வெளியே வர இரண்டு வாசல்கள். ஒன்றில் நின்றால் மற்றதில் போய்விடுவார்களோ என்று இரண்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். நேரம் மறந்துவிடக் கூடாது என்று விமான அட்டவணைப் பலகையைப் படம் எடுத்தார். மூன்று நாள், காரிலேயே தூக்கம். முதல் நாள் காவலர் கேட்டபோது மனைவிக்காக நிற்கிறேன் என்றார். மூன்றாம் நாள் இன்னொரு காவலர் கேட்டபோது, மனைவி வரவில்லை என்றால் விசாவில் ஏதோ தப்பு என்று எழுதிக்கொள்வார்களோ என்று பயந்து, யாருக்காகவும் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் சித்தோரா குஜந்திலிருந்து அழைத்து அழுதாள். அவள் மேலும் அழக் கூடாது என்று, 'எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு, நான் வீட்டுக்கு வந்துட்டேன்' என்று அவளிடம் சொன்னார். மூன்று நாள் நின்றது இன்றுவரை அவளுக்குத் தெரியாது என்று முடித்திருந்தார்.

கடிதங்களைக் கொண்டுபோய் ஜன்னலில்லாத அறையில் வாதாடினேன். அங்கே நான் பேசியது அங்கேயே இருக்கட்டும். ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது: சான்றிதழ் நியாயமற்றது, ரத்து செய்யப்படுகிறது. வெளியிட்ட பிரதியில் காரணம் சொல்லும் பதினான்கு பக்கங்களும் கறுப்பு மை.

அடுத்த அக்டோபரில் சித்தோராவும் பர்வீனாவும் வந்து சேர்ந்தார்கள். நான் அதைச் செய்தித்தாளில் படித்தேன். எவ்வளவோ ஆசை இருந்தும் அவர்களைப் பார்க்கப் போகவில்லை.

நவம்பரில் ஒரு பிற்பகல் என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பூப்போட்ட தலைத்துணி, கையில் துணி சுற்றிய பாத்திரம். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளாம், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசினாள். சித்தோரா. புருஷனுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். பாத்திரத்தில் கேரட்டும் ஆட்டுக்கறியும் போட்ட புலாவ். நன்றி சொல்ல வந்ததாகத் தொடங்கினாள். நான் குறுக்கே பேசவில்லை.

"எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, நெருப்பில்லாம புகையாதுன்னு. கோர்ட்டு விட்டுடுச்சு, சரி. ஆனா ஏன் பிடிச்சாங்கன்னு அவருக்கே தெரியல. கேட்டா சும்மா சிரிக்கிறாரு. ஏழெட்டு வருஷம் ஃபோன்ல பாத்த ஆளு அக்கா. இப்ப பக்கத்துல படுத்திருக்காரு, நான் முழிச்சிக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டிருக்கேன். இந்த மனுஷன் என்ன பண்ணாரு? நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க. ஆமாவா இல்லையா, தலைய மட்டும் ஆட்டுங்க."

தலையை ஆட்ட முடியாது. அதற்கும் சட்டம் உண்டு. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது, இந்தத் தொழிலில் நான் செய்ததிலேயே கொடுமையான காரியம். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். அனுமதிக்கப்பட்டது எது, அனுமதிக்கப்படாதது எது என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினேன்.

"கோப்பப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. அதத் தொறக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரு எங்கிட்ட நாப்பத்தொரு கதை ஆரம்பிச்சாரு. நான் பொறுமை இல்லாதவ, ஒண்ணையும் முடிக்க விடல. நீங்க அவர உக்கார வெச்சு நாப்பத்தொண்ணையும் கேளுங்க. குறுக்க பேசாதீங்க."

"நான் கேட்டது ஒரு வார்த்தை. நீங்க வீட்டுப்பாடம் குடுக்கறீங்க."

"ஆமா. டீச்சருக்கே."

அவள் சிரிக்கவில்லை. ஏதோ புரிந்ததா, கோபமா, தெரியவில்லை. எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்தில் போனவள் திரும்பினாள்.

"எதுலேருந்து ஆரம்பிக்கச் சொல்லட்டும்?"

ஓர் எண் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மொதல்லேருந்து" என்றேன். "ஒண்ணும் விட்டுடாதீங்க."